புதிய சக்கரமும் பழகாத காலும்

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

     

இம்மேடையில் சிலப்பதிகாரத்தைப் பற்றிப் பேசியவர்கள் உண்டு. திருக்குறளை விரித்துரைத்தவர்கள் உண்டு. நானோ பிள்ளைகள் காலில் மாட்டிக்கொள்ளும் சக்கரத்தைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வே பொறியியல் பிரிவில் கோப்புப் பார்க்கும் எழுத்தன் நான். மருத்துவனும் அல்லேன், விளையாட்டு ஆசிரியனும் அல்லேன். எனினும் இரண்டு பிள்ளைகளுக்குத் தந்தை என்ற முறையிலும், பயிற்சியாளரிடமும் மருத்துவரிடமும் கேட்டறிந்தவன் என்ற முறையிலும் சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

மாலை ஐந்து மணி ஆயிற்றென்றால் நம் காலனிச் சாலையில் கடகடவென்று ஓசை எழுகிறது. 'ஸ்கேட்டிங்' என்று பிள்ளைகள் சொல்லும் சக்கரச் சறுக்கு இன்று பெங்களூரில் பேட்டைதோறும் பரவியிருக்கிறது. தமிழ்ப் பிள்ளை, கன்னடப் பிள்ளை, தெலுங்குப் பிள்ளை என்ற வேற்றுமையின்றிக் கைகோத்துச் சறுக்குகிறார்கள். காண்பதற்கு இனிய காட்சியே. ஆயின் சென்ற கோடையில் நேர்ந்ததை நீங்கள் அறிவீர்கள். அண்ணனுடைய பழைய சக்கரக் காலணியை, இரண்டு சோடிக் காலுறை போட்டு இறுக்கிக்கொண்டு, நம் சிறுமி ஒருத்தி முதல் நாளே தண்ணீர்த்தொட்டிச் சரிவில் இறங்கினாள். விழுந்தாள். வலக்கை மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கை தேறிவிட்டது, ஆனால் காலணி பரணுக்குப் போய்விட்டது. அவளுடைய அண்ணன் இன்றும் சறுக்குகிறான். அவள் மாடிப்படியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். இப்போது காலனிச் சாலையில் சறுக்கையே தடை செய்துவிட வேண்டும் என்று நம்மில் சிலர் கையொப்பம் திரட்டி வருகிறார்கள்.

அவர்களுடைய அச்சத்தை நான் எள்ளி நகையாடவில்லை. பெற்ற வயிற்றின் அச்சம் அது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அச்சிறுமியை வீழ்த்தியது எது? சக்கரமா? சக்கரம் தன் தொழிலைச் செய்தது. அளவு பொருந்தாத காலணியும், பழகுவதற்கு நாள் கொடுக்காத அவசரமும், வெறுங்கையும் சேர்ந்தே அவளை வீழ்த்தின. இம்மூன்றும் பெரியவர்களாகிய நம் பொறுப்பில் உள்ளவை. பொறுப்பு நம்முடையதாக இருக்க, தண்டனையைப் பிள்ளைகளுக்கு விதிக்கலாமா?

புதிய கருவியோடு பழகாமல் பெருமை காட்டப் போனவர் கதை ஒன்று உண்டு. 1760-களில் இலண்டனில் ஜோசப் மெர்லின் என்னும் பெல்ஜிய நாட்டுக் கைவினைஞர் இருந்தார். தாமே சமைத்த சக்கரக் காலணியை அணிந்து, வயலின் வாசித்துக்கொண்டே ஒரு பெரிய விருந்து மண்டபத்துக்குள் உருண்டு வந்தாராம். நிறுத்தவும் தெரியவில்லை, திருப்பவும் தெரியவில்லை. ஐந்நூறு பவுனுக்கு மேல் விலைபெற்ற நிலைக்கண்ணாடியில் மோதி, கண்ணாடியை உடைத்து, வயலினையும் நொறுக்கி, தாமும் பலத்த காயமடைந்தார் என்று பழைய நூல் ஒன்று கூறுகிறது. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1863-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பிளிம்டன் என்பவர், உடல் சாயும் பக்கமே சக்கரமும் திரும்பும்படியான நான்கு சக்கரக் காலணியைச் செய்தார். அதன் பின்னரே சாமானியரும் அச்சமின்றிச் சறுக்கலாயினர். கருவி மனிதனுக்கு இணங்க ஒரு நூற்றாண்டு ஆயிற்று. மனிதன் கருவிக்கு இணங்க ஒரு மாதமாவது வேண்டாமா?

முதலாவதாக, அளவைப் பற்றிச் சொல்லுகிறேன். தாய்மார்கள் என்மீது சினங்கொள்ளலாகாது. நம் குடும்பங்களில் எதை வாங்கினாலும், "வளர்கிற பிள்ளை, இரண்டளவு பெரிதாகவே இருக்கட்டும்" என்போம். சட்டைக்கு அது சிக்கனம். சக்கரக் காலணிக்கு அது ஆபத்து. பெரிய காலணிக்குள் குதிகால் மேலெழும்பும். கால் ஒரு பக்கம் திரும்ப, சக்கரம் வேறு பக்கம் ஓடும். கணுக்கால் பிசகும். இரண்டு காலுறை போட்டால் இடைவெளி அடைபடுமே என்பீர்கள். துணி அமுங்கும், கொப்புளம் கிளம்பும், பிடிப்பு வராது.

ஆகவே கடைக்குப் போகும்போது பிள்ளையைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். மாலையில் செல்வது நன்று. பகலெல்லாம் நடந்த கால் சற்றே பருத்திருக்கும். ஒற்றைக் காலுறையோடு நிமிர்ந்து நிற்கும்போது கட்டைவிரல் நுனி காலணியின் முன்புறத்தை மெல்லத் தொட வேண்டும். முழங்காலை மடித்ததும் அது சிறிது பின்வாங்க வேண்டும். குதிகால் இம்மியும் எழும்பலாகாது. பிள்ளை வளர்ந்துவிடுமே என்ற கவலைக்கும் வழி உண்டு. மூன்று நான்கு அளவுகளுக்குத் திருகி நீட்டிக்கொள்ளும் காலணிகள் இப்போது கிடைக்கின்றன. அதுவே உண்மையான சிக்கனம்.

இரண்டாவது, பழைய பழக்கம் புதிய கருவியில் செய்யும் சூழ்ச்சி. சக்கரக் காலணியில் இருவகை உண்டு. முன்னிரண்டு பின்னிரண்டாக நான்கு சக்கரம் கொண்டது ஒன்று. ஒரே வரிசையில் சக்கரங்கள் அமைந்தது மற்றொன்று; இதை 'இன்லைன்' என்பர். முன்னதில் தடைக்கட்டை பெரும்பாலும் கால்விரல் பக்கம் இருக்கும். பின்னதில் குதிகால் பக்கம், அதுவும் பெரும்பாலும் ஒரே காலில் மட்டும் இருக்கும். நான்கு சக்கரத்தில் ஓராண்டு தேர்ந்த பிள்ளைக்கு இன்லைன் வாங்கிக் கொடுக்கிறோம். இடையே நாய் குறுக்கிட்டால், எண்ணுவதற்குள் கால் பழைய வழக்கப்படி முன்விரலை ஊன்றும். அங்கே தடை இல்லை! பிள்ளை முகம் குப்புற விழும். எனவே, "இவனுக்குத்தான் நன்றாகத் தெரியுமே" என்று எண்ணற்க. கருவி மாறினால், தேர்ந்தவனும் சில நாள் மாணவனே. பெரிய சக்கரமானால் உயரமும் வேகமும் கூடும். கடினமான சக்கரமானால் வழவழப்பான தளத்துக்கு ஏற்கும், கரடுமுரடான தார்ச்சாலையில் அதிரும்.

நம் இருப்புப்பாதைத் தொழிலில் இதற்கு நல்லதோர் உவமை இருக்கிறது. ஓரிடத்தில் சரளைக்கல்லை அள்ளிச் சலித்துப் பாதையைப் புதுப்பித்தால், மறுநாளே வண்டியை முழு வேகத்தில் விடுவோமா? 'காஷன் ஆர்டர்' என்னும் எச்சரிக்கைத் தாளை ஓட்டுநர் கையில் கொடுக்கிறோம். முதலில் மணிக்கு 20 கிலோமீட்டர். சரளை இறுகிய பின் 45. அதன் பின் 75. கடைசியில்தான் பழைய வேகம். தண்டவாளம் புதியது, குறையொன்றும் இல்லை. ஆயினும் அது படிய நாள் வேண்டும். இரும்புக்கும் கல்லுக்கும் நாம் காட்டும் பொறுமையை நம் பிள்ளைகளின் எலும்புக்குக் காட்டலாகாதா?

ஆதலின் புதுக் காலணிக்கும் ஓர் எச்சரிக்கைத் தாள் எழுதுவோம். முதல் இரண்டு நாள் புல்தரையில், சக்கரம் உருளாதவாறு நிற்கவும் நடக்கவும் பழகட்டும். முதல் வாரம் சமதளத் தரையில், முழங்கால் மடித்து, கைகளை முன்னே வைத்து, குறைந்த தூரம் உருளட்டும். ஒரு நாளைக்கு அரைமணி நேரம் போதும். இரண்டாம் வாரம் நிறுத்தப் பழகட்டும். நிறுத்தத் தெரியாதவனுக்கு ஓடத் தெரியும் என்று எந்த வண்டித் தொழிலாளியும் ஒப்பமாட்டான். நினைத்த இடத்தில் பத்து முறைக்குப் பத்து முறையும் நிற்கக் கற்ற பின்னரே சாலை; அதற்கும் பின்னரே சரிவு. பதறாத காரியம் சிதறாது.

மூன்றாவது, காப்பு. விழுபவர் யாராயினும் கையை விரித்து ஊன்றுவது இயற்கை. அதனால் முதலில் அடிபடுவது மணிக்கட்டே. 1996-ல் அமெரிக்காவின் புகழ்பெற்ற நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் ஓர் ஆய்வை வெளியிட்டது. இன்லைன் சறுக்கில், மணிக்கட்டுக் காப்பு அணியாதவர்க்கு மணிக்கட்டில் காயம்படும் வாய்ப்பு, அணிந்தவர்க்கு உள்ளதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு என அது கண்டது. பத்து மடங்கு! ஆனால் நாம் காலணிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, காப்பு வாங்கும்போது கையை இழுத்துக்கொள்கிறோம். உள்ளங்கைப் பக்கம் கெட்டித் தகடு வைத்த மணிக்கட்டுக் காப்பு, முழங்கால் காப்பு, முழங்கைக் காப்பு, தலைக்கவசம் இந்நான்கும் இல்லையேல் காலணி வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

தலைக்கவசம் நெற்றியை மறைத்து, புருவத்துக்கு இரண்டு விரற்கடை மேலே நிற்க வேண்டும். தாடைக் கீழ் வாருக்குள் ஒரு விரல் நுழைந்தால் போதும். தந்தையாரின் மோட்டார் சைக்கிள் கவசத்தைக் கவிழ்த்துவிடாதீர்கள். அதன் பளு பிள்ளையின் கழுத்துக்கு மிகை. பலமாக அடிபட்ட கவசம் வெளியே பழுதின்றித் தோன்றினாலும் அதை மாற்றிவிட வேண்டும். வண்டி புறப்படுமுன் பிரேக்கைச் சோதிப்பதுபோல, நாள்தோறும் சக்கரத்தின் திருகு, தடைக்கட்டையின் தேய்வு, வார், நாடா ஆகியவற்றைப் பிள்ளையே சோதித்து உங்களிடம் சொல்லட்டும்.

விழக் கற்றுக்கொடுப்பதும் ஒரு கல்வி. தடுமாறும்போது நிமிராமல் தாழ வேண்டும். முழங்காலை மடித்து, காப்பின்மீது விழுந்து முன்னோக்கிச் சறுக்க வேண்டும். விரல்களை மடக்கிக்கொள்ள வேண்டும். மல்லாந்து விழுவதே மிகக் கெடுதி. புல்தரையில் இதை விளையாட்டாகப் பத்து முறை செய்த பிள்ளைக்குத் தரையில் விழும்போது உடம்பே வழிகாட்டும்.

நம் ஊரின் இயல்பையும் மறவாதீர். பெங்களூரில் கோடை மாலையில் முன்னறிவிப்பின்றி மழை பொழியும். சாலையோர மரங்கள் பூக்களையும் இலைகளையும் உதிர்க்கும். ஈரப் பூ எண்ணெய்போல் வழுக்கும். சாக்கடை மூடிய கற்பலகைகளுக்கு இடையே சக்கரம் சிக்கும் சந்து உண்டு. மழை நின்றாலும் தரை உலரும்வரை சறுக்கு வேண்டா.

இத்தனையும் செய்த பின்னும் அடிபட்டால்? நம்மவர்கள் உடனே எண்ணெய் தேய்த்து நீவி, "சுளுக்குத்தான்" என்று இழுத்துவிடுவார்கள். அதைச் செய்யாதீர்கள். வளரும் பிள்ளையின் எலும்பு நுனியில் வளர்ச்சிக்குரிய மென்தகடு உண்டு. அது சிதைந்தால் கையின் வளர்ச்சியே கோணலாகக் கூடும். கையை அசையாமல் ஒரு பலகையிலோ மடித்த செய்தித்தாளிலோ தாங்கிக் கட்டி, மருத்துவரிடம் சென்று படம் எடுத்துப் பாருங்கள். கட்டைவிரலின் அடிக்குழியில் வலி நீடித்தால், முதற் படத்தில் ஒன்றும் தெரியாவிட்டாலும் பத்துப் பதினான்கு நாளில் மீண்டும் காட்ட வேண்டும். அங்குள்ள சிற்றெலும்பின் முறிவு சில வேளை முதலில் புலப்படாது. தலையில் அடிபட்டு வாந்தி, மயக்கம், பிதற்றல், மிகுந்த உறக்கம் இவற்றுள் ஒன்று தோன்றினாலும் ஒரு நொடியும் தாமதியாமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். இந்நாளில் அலுவலக நண்பர்களோடு கூட்டமாகக் குல்மார்க் சென்று, பனிச்சறுக்குப் பலகையில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு வருகிறீர்கள். 2025 ஜூன் 6 அன்று கட்ராவிலிருந்து சீனகருக்கு நம் இரயிலும் தொடங்கிவிட்டது. இனிச் செல்வோர் பெருகுவர். அப்பலகையின் பிறப்பே பிள்ளை விளையாட்டுத்தான். 1965 கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்காவின் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தம் மகளுக்காக இரண்டு பனிக்கட்டைகளை ஒன்றாகப் பிணைத்துக் கொடுத்தார். அது வளர்ந்து 1998-ல் நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் இடம் பெற்றது. அதில் இரு காலும் ஒரே பலகையில் பிணைக்கப்பட்டிருக்கும். தடுமாறினால் காலை எடுத்து வைக்க இயலாது, கைதான் ஊன்றும். ஆகவே அங்கும் புதியவர்க்கு மணிக்கட்டே முதற் பலி. வாடகைக் காலணி குதிகாலைக் கவ்வுகிறதா, பலகையின் பிணைப்புத் திருகுகள் இறுகியுள்ளனவா, கைக்காப்பு உண்டா என்று பாருங்கள். முதல் நாள் சமவெளியை விட்டு ஏறாதீர்கள். களைத்த பின் "இன்னும் ஒரே ஒரு முறை" என்னாதீர்கள். சக்கரத்துக்குச் சொன்ன எச்சரிக்கைத் தாள் பனிக்கும் பொருந்தும்.

இனி, தடை கோரும் நண்பர்களுக்கு என் மறுமொழி. 2023 அக்டோபர் 2 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டில் மூவாயிரம் மீட்டர் சக்கரச் சறுக்குத் தொடர் பந்தயத்தில் நம் நாட்டு ஆடவர் அணியும் மகளிர் அணியும் வெண்கலம் வென்றன. மகளிர் அணியில் இருந்த நால்வருள் கார்த்திகா ஜெகதீஸ்வரன், ஆரத்தி கஸ்தூரிராஜ் இருவரும் தமிழ்ப் பெண்கள். ஆடவர் அணியில் இருந்த தமிழ் இளைஞர் ஆனந்த்குமார் வேல்குமார், 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்டைஹே நகரில் நடந்த உலகப் போட்டியில் ஆயிரம் மீட்டரை 1 நிமிடம் 24.924 நொடியில் கடந்து, இவ்விளையாட்டில் இந்தியாவின் முதல் உலகத் தங்கத்தைக் கொணர்ந்தார். இவர்களும் ஒரு நாள் ஏதோ ஒரு தெருவில் தடுமாறி நின்ற பிள்ளைகளே. நம் பிள்ளைகள் எல்லாரும் பதக்கம் வெல்ல வேண்டியதில்லை. விழுந்தால் எழலாம் என்பதைக் கற்றால் போதும். விழுந்த பெண்ணைப் பரணுக்கும் படிக்கும் அனுப்பிவிட்டு, விழாத பையனைத் தெருவுக்கு அனுப்பும் வழக்கம் நம் இல்லங்களில் வேண்டா.

எனவே இச்சபையின் முன் இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். ஒன்று, ஞாயிறு காலை ஏழு முதல் ஒன்பது வரை சமூகக்கூடத் தளத்தைப் புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கு ஒதுக்குவோம். பெற்றோர் இருவர் முறை வைத்துக் காவல் நிற்போம். மற்றொன்று, நம் சங்க நூலகத்தின் பக்கத்தில் ஓர் அலமாரி வைப்போம். பிள்ளைகளுக்குச் சிறிதாகிவிட்ட சக்கரக் காலணிகளை அளவு எழுதி அங்கே சேர்ப்போம். நூல் இரவல் பெறுவதுபோல, எந்த வீட்டுப் பிள்ளையும் தன் காலுக்குப் பொருந்தியதை எடுத்துச் செல்லட்டும்; வளர்ந்ததும் திருப்பித் தந்து அடுத்த அளவைப் பெறட்டும். இரண்டளவு பெரிதாக வாங்கும் தேவையே நம் காலனியில் இல்லாமற் போகும். மணிக்கட்டுக் காப்பும் தலைக்கவசமும் உடன் இல்லாமல் எந்தக் காலணியும் அலமாரியை விட்டு வெளியேறலாகாது என்பது விதியாக இருக்கட்டும். இரவல் கொடுக்கும் கவசம் அடிபடாததுதானா என்பதைப் பெரியவர் ஒருவர் பார்த்துக் கொடுக்கட்டும். என் வீட்டில் சிறிதாகிப்போன இரண்டு சோடிகளை இன்றே செயலாளரிடம் ஒப்படைக்கிறேன். கையொப்பத் தாளைக் கையில் வைத்திருக்கும் நண்பர்கள், அதன் பின்புறத்தில் அலமாரிக்கு நன்கொடை எழுதித் தந்தால் மகிழ்வேன்.